டோ சேய்னுக்கு வந்த கடிதம்

வியாழக்கிழமை கடிதப் பை வரும் நாள். லான்மடாவில் இருந்த பத்திரிகை அலுவலகத்துக்கு நானே பஸ்ஸில் போய் வாங்கி வருவேன். சிவப்புப் பிளாஸ்டிக் பையில், ஆலோசனைப் பக்கத்துக்கு வந்த ஒரு வாரத்துக் கடிதங்கள் பசை வாசனையோடு அடைந்து கிடக்கும். மிங்கலா தாங்ஞுன்டில் என் மூன்றாம் மாடி அறைக்கு வந்ததும் பாயை விரித்து, பையைக் கவிழ்த்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருவேன். விசிறி சுற்றினால் ஊராருடைய கஷ்டமெல்லாம் அறை முழுக்கப் பறக்கும்.

கைபேசி எல்லார் கைக்கும் வந்துவிட்ட, ஆனால் கடிதம் எழுதுகிற பழக்கம் இன்னும் முழுதாகப் போய்விடாத வருடங்கள் அவை.

அன்று நல்ல மழை. ரயில் பாதைப் பக்கம் எதுவும் தெரியவில்லை; ரயில் போகிற சத்தம் மட்டும் கேட்டது. மாமியாரைப் பற்றி ஒன்று, சூதாடும் கணவனைப் பற்றி ஒன்று, காதலித்தவள் துபாய்க்குப் போய்விட்டதைப் பற்றி ஒன்று என்று படித்து ஒதுக்கிக்கொண்டு வந்தேன். எட்டாவதோ ஒன்பதாவதோ, பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள். நிதானமான கை. அடித்தல் திருத்தல் இல்லை. பர்மிய மொழியில் இருந்ததை என் தமிழில் தருகிறேன்.

“அன்புள்ள டோ சேய்ன், எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஒருவரைக் குடிவைத்திருக்கிறேன். நல்ல கறுப்பு. அப்பா ஆப்பிரிக்காக்காரராம். முடி சுருள் சுருளாக இருக்கும். ஆணா பெண்ணா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. என் மகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுத் தருகிறார். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க ஆறேழு பேர் வருகிறார்கள். அவர்களும் அப்படித்தான். செருப்பைப் படியில் வரிசையாக விட்டுவிட்டுப் போகிறார்கள். சத்தம் போடுவதில்லை. எனக்கு அவர்களிடம் பயமில்லை. ஆனால் வார்டு அலுவலக ஆள் இரண்டு முறை விசாரித்துவிட்டார். இரண்டாம் மாடிக்காரர் என் மகளைப் பற்றிப் பேசுகிறார். நான் புருஷன் பக்கத்தில் இல்லாத பெண். இவரைக் காலி செய்யச் சொல்ல வேண்டுமா? சொல்வதென்றால், மனம் நோகாமல் சொல்ல ஒரு வாக்கியம் எழுதிக் கொடுங்கள். இப்படிக்கு, ஒரு தாய்.”

டோ சேய்ன் என்பது நான்தான். மூன்றாம் மாடிக்காரரும் நான்தான்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அந்தத் தரைக்கு அடியில் இரண்டாம் மாடி, முதல் மாடி, அதற்கும் கீழே தெருவைப் பார்த்த கடை. அந்தக் கடையில் இந்நேரம் எங்கள் வீட்டுக்காரம்மா ஹலீமா ராத்தா, இடுப்பில் கட்டுகிற லோஞ்சித் துணி அளந்து கிழித்துக்கொண்டிருப்பார்.

கப்பலி

இந்தத் தொடரை இடையில் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

என் அம்மா போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவர்களுக்குச் சோறு விற்றவர். தமிழச்சி. அப்பா மொம்பாசாக்காரர், அரிசி ஏற்ற வந்த கப்பலில் சமையல்காரர். முதல் நாள் அம்மாவிடம் வந்து, தேங்காய்ப்பால் சோறு உண்டா என்று சைகையில் கேட்டாராம். அவர்கள் ஊரிலும் அப்படித்தான் ஆக்குவார்களாம். மறுநாள் அம்மா ஆக்கி வைத்திருந்தார். மூன்று முறை அந்தக் கப்பல் வந்தது. மூன்று முறையும் அவர் வந்தார். மூன்றாம் முறை நான் நடக்கத் தொடங்கியிருந்தேன். நான்காம் முறை கப்பல் வந்தது, அவர் வரவில்லை. வேறு சமையல்காரர் வந்து, தெரியாது என்று கையை விரித்தாராம்.

அம்மா எனக்கு மாணிக்கம் என்று பெயர் வைத்தார். முடியை வாரி வாரி எத்தனையோ சீப்புகளின் பல் உடைந்தது.

தெருப் பிள்ளைகள் என்னைப் பார்த்து “கப்பலி, கப்பலி” என்று கத்துவார்கள். பர்மிய மொழியில் ஆப்பிரிக்கரைக் குறிக்கிற பழைய சொல் அது. எனக்குத் தெரியாது. அப்பா கப்பலில் வந்தவர் என்பதால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் திரும்பிக் கையாட்டுவேன்.

இந்த ஊரில் தமிழரைப் பார்த்து இழிவாக ‘கலா’ என்கிறவர்கள் உண்டு. அந்தச் சொல் வந்து விழும்போது எங்கள் தெருவில் எல்லாருக்கும் ஒரே முகம்தான். அது கடந்துபோன பிறகு, எங்கள் ஆட்களே அம்மாவிடம், “பிள்ளைக்குத் தனாக்காவைக் கொஞ்சம் கெட்டியாப் பூசும்மா” என்பார்கள். மற்றப் பிள்ளைகளின் கன்னத்தில் சந்தனம் மாதிரி தெரிகிற அந்த மரப்பட்டைப் பூச்சு என் கன்னத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும்.

இதைப் பற்றிப் பின்னால் ஒரு கட்டுரை எழுதினேன். என் சொந்தப் பெயரில் வந்த சிறு புத்தகத்தில் முதல் கட்டுரை அதுதான். அச்சடித்ததில் பாதி இன்னும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மழைக்காலத்தில் வெயில் எட்டிப் பார்த்தால் எடுத்துக் காயவைப்பேன்.

‘நான்’ என்று சொல்ல

நான் என்னை ஆண் என்று சொல்லிக்கொள்வதில்லை, பெண் என்றும் சொல்லிக்கொள்வதில்லை. இதைத் தமிழில் எழுதுவது சுலபம். நான் வந்தேன், நான் சாப்பிட்டேன், நான் அழுதேன். யார் சொன்னாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மற்றவர்கள் என்னைப் பற்றிப் பேசும்போது ‘அவர்’ என்றால் முடிந்தது.

பர்மிய மொழியில் மரியாதையாக ‘நான்’ என்று சொல்ல வேண்டுமானால் ஆண் ‘ச்சனோ’ என்பான், பெண் ‘ச்சமா’ என்பாள். வாக்கியத்தை மரியாதையாக முடிக்கிற சொல்கூட இருவருக்கும் வேறு வேறு. வாயைத் திறந்த உடனேயே யாரென்று சொல்லியாக வேண்டும். நான் சின்ன வயதிலேயே ‘நான்’ வராமல் வாக்கியம் அமைக்கக் கற்றுக்கொண்டேன். “பசிக்குது.” “போகணும்.” “தெரியாது.” ரொம்ப அடக்கமான பிள்ளை என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். வளர்ந்து கட்டுரை எழுத வந்தபோதும் அப்படியே எழுதினேன். நடை புதுமையாக இருக்கிறது என்று ஒருவர் பாராட்டினார். அது நடையல்ல, ஒளிந்துகொள்ளும் வழி.

உடையிலும் இதே கதைதான். லோஞ்சியை ஆண்கள் முன்னால் முடிச்சிடுவார்கள், பெண்கள் இடுப்போரம் செருகுவார்கள். நான் கால்சட்டை போட்டுக்கொண்டேன்.

அப்படிப்பட்ட எனக்குத்தான் அந்த வேலை வந்தது. வாரப் பத்திரிகையில் ஆலோசனை எழுதிக்கொண்டிருந்த அம்மாள் மகளோடு இருக்க சிங்கப்பூர் போய்விட்டார். கடிதங்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

“உங்க பேருக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டார்.

“சிவப்புக் கல்.”

“அப்ப டோ சேய்ன்னு வெச்சுக்குவோம். வைரம். வயசு அறுபது. பஹான்ல வீடு. வாசல்ல மாமரம். மூணு பிள்ளைங்க, கல்யாணமாயிடுச்சு.”

‘டோ’ என்பது வயதில் மூத்த பெண்ணின் பெயருக்கு முன்னால் வருகிற மரியாதைச் சொல். அன்றிலிருந்து வாராவாரம், “மூன்று பிள்ளைகளைப் பெற்ற ச்சமா சொல்கிறேன்” என்று எழுதினேன். கூச்சமாக இருந்தது என்று சொன்னால் பொய். முதல் சில வாரம் இருந்தது. அப்புறம் ஒரு சௌகரியம் வந்துவிட்டது. மாணிக்கம் சொன்னதை யாரும் படிக்கவில்லை. டோ சேய்ன் சொன்னதை ஊரே படித்தது.

ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள்

ராத்தாவின் கடிதத்தில் வந்த ஆறேழு பேரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

இது மேத்தூவால் தொடங்கியது. மேத்தூ போட்டாதாங்கில் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். பிறந்தபோது ஆண் பிள்ளை என்று எழுதியிருந்தார்கள். அவள் அப்படி நினைக்கவில்லை. ஒருநாள் அவள் சிநேகிதி ஒருத்தியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டு எழுத வேண்டும், யாருக்கும் எழுத வரவில்லை. நான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் இன்னொருத்தி ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தாள். எந்த வார்டில் படுக்கவைப்பது என்று அங்கே அவளை நாள் முழுக்க நடையில் உட்காரவைத்திருந்தார்கள். அதற்கும் எழுதினேன். பிறகு கூடவே போனேன்.

இயக்கம், சங்கம் என்று பெயர் எதுவும் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவார்கள். மனு எழுதுவோம். போலீஸ் யாரையாவது பிடித்து வைத்திருந்தால் சாப்பாடு கட்டிக்கொண்டு போவோம். ஒன்றும் இல்லாத நாளில் மொஹிங்கா, மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், வாங்கி வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்போம். பிறகு அக்கம்பக்கத்துப் பெண்களும் மனு எழுதக் காகிதத்தோடு வர ஆரம்பித்தார்கள்.

ஹலீமா ராத்தா எங்கள் கட்டடத்தின் சொந்தக்காரர். அக்காவைத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் ராத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கடற்கரை ஊரிலிருந்து ஜவுளி வியாபாரத்துக்கு வந்த குடும்பம். புருஷன் வெளிநாட்டில் இருக்கிறார் என்று மட்டும் தெரியும். மகள் நஸீமா எட்டாம் வகுப்பு. மாலையில் மேலே வந்து என்னிடம் கட்டுரை எழுதப் பழகுவாள். பர்மிய மொழியில் வாத்தியார் என்றால் ‘சயா’, வாத்தியாரம்மா என்றால் ‘சயாமா’. நஸீமா இரண்டையும் விட்டுவிட்டு “டீச்சர்” என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பதில்

மழை விடும்வரை அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கோபம் வந்தது. கோபத்தில் ஒரு பதில் எழுதினேன். “ஒரு தாய் கேட்கிற கேள்வியா இது?” என்று தொடங்கியது. எழுதி முடித்தபோதே அது ஆகாது என்று தெரிந்தது. கேள்வி அப்படியொன்றும் மோசமில்லை. அந்தக் கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு பொய்கூட இல்லை. மனம் நோகாமல் சொல்ல ஒரு வாக்கியம் கேட்டிருந்தார். காலி செய்யச் சொல்கிறவர்கள் அதெல்லாம் கேட்பதில்லை.

மறுநாள் வேறொன்று எழுதினேன். நன்றாக வந்தது. “மூன்று பிள்ளைகளைப் பெற்ற ச்சமா சொல்கிறேன்: செருப்பை வரிசையாக விட்டுப் போகிறவர்களால் உங்கள் வீட்டுக்கு என்ன கெடுதல் வந்துவிடும்? வார்டு ஆள் ஒரு வாரம் கேட்பார், இரண்டு வாரம் கேட்பார். நல்ல ஆசிரியர் உங்கள் மகளுக்கு மறுபடி கிடைப்பாரா?” இரண்டு பத்தி. எங்கே அழுத்த வேண்டுமோ அங்கே அழுத்தி, எங்கே விட வேண்டுமோ அங்கே விட்டு எழுதியிருந்தேன். ராத்தா இதைப் படித்தால் என்னை இருக்கவிடுவார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

லான்மடாவுக்குக் கொண்டுபோய் ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் கடிதத்தையும் பதிலையும் படித்தார்.

“ரொம்ப நல்லா வந்திருக்கு. முதல்ல போட்டுடலாம்.”

“இது எங்க வீட்டுக்காரம்மா.”

“எது?”

“கடிதம் எழுதினவங்க. மூணாம் மாடி நான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். “அப்ப இன்னும் நல்லது. உங்க வீடு தப்பிச்சுது.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கு விளங்கியது. ஒருத்தி தன் பயத்தை ஒரு வயதான அம்மாளிடம் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் வேஷத்தில் நான் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக்கு நானே தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

“திருப்பிக் கொடுங்க.”

“பக்கம் காலியாயிருக்கும்.”

“சமையல் குறிப்பு போடுங்க.”

அந்த வாரம் டோ சேய்னுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வரியும், கத்தரிக்காய் வதக்கல் செய்முறையும் வந்தன.

கடையில்

பதிலைத் திரும்ப வாங்கிய அன்றைக்கே ராத்தாவைப் பார்க்கப் போனேன். பிற்பகல், மின்சாரம் இல்லை. தெரு முழுக்க ஜெனரேட்டர் சத்தம். கடையில் புதுத் துணியின் கஞ்சி வாசனை. ராத்தா வாசல் வெளிச்சத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“ராத்தா, எனக்கு ஒரு கடுதாசி வந்துச்சு.”

“யாருகிட்டேருந்து?”

“உங்ககிட்டேருந்து.”

தாளை நீட்டினேன். தன் கையெழுத்தைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. முதலில் அவருக்குத் தோன்றியது திருட்டு.

“இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு? தபாலாபீசுல யாரும் எடுத்துக் கொடுத்தாங்களா?”

“இல்ல ராத்தா. டோ சேய்ன் நான்தான்.”

“டோ சேய்ன் பஹான்ல இருக்காங்க.”

“அப்படி யாரும் இல்ல. பத்திரிகையில அப்படி எழுதச் சொன்னாங்க. நாலு வருஷமா நான்தான் எழுதறேன்.”

“அவங்களுக்கு மூணு பிள்ளைங்க.”

“அதுவும் நான் எழுதினதுதான்.”

என்னைக் காலி செய்யச் சொல்வார், அல்லது வெட்கப்படுவார், அல்லது மன்னிப்புக் கேட்பார் என்று படியிறங்கும்போது கணக்குப் போட்டிருந்தேன். எது நடந்தாலும் எப்படிப் பேசுவது என்றும் யோசித்திருந்தேன். அவர் அதில் எதையும் செய்யவில்லை. எழுந்து, கல்லாப்பெட்டி மேசையின் இழுப்பறையைத் திறந்து, ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தார். நான்காக மடித்தது, மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுப் போட்டிருந்தது.

“அப்ப இது யாரு எழுதினது?”

வாங்கிப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய பதில். கணவன் பினாங்கில் வேறு குடும்பம் வைத்துவிட்டான், மகளிடம் சொல்லலாமா, வேலை அதிகம் என்றே சொல்லி ஓட்டிக்கொண்டிருக்கலாமா என்று ஒரு பெண் கேட்டிருந்தாள். ஊர், பெயர் எதுவும் போடாத கடிதம். “சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் படுக்கப் போகிறார்கள்” என்று டோ சேய்ன் எழுதியிருந்தார்.

“நான்தான், ராத்தா.”

“இதைப் படிச்சிட்டுத்தான் நஸீமாகிட்ட சொன்னேன். ரெண்டு நாள் சாப்பிடல அவ. நான் இந்தத் துண்டைத் திரும்பத் திரும்பப் படிச்சிட்டுக் கெடந்தேன். அந்தம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு.” அவர் குரல் உயரவில்லை. “எத்தனை நாள் யோசிச்சு எழுதினீங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பதில் எனக்கு நன்றாக நினைவிருந்தது. டீக்கடையில், மேத்தூ ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டே எழுதினேன். கதவுக்கு அந்தப் பக்கம் என்ற வரி வந்ததும் நன்றாக இருக்கிறதே என்று அவளுக்கு வாசித்துக்கூடக் காட்டினேன்.

“இருபது நிமிஷம் இருக்கும்.”

ராத்தா அந்தத் துண்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“மேல மாடியில இருந்துக்கிட்டு, என் வீட்டுப் படியிலயே ஏறி இறங்கிக்கிட்டு, எல்லாம் படிச்சிருக்கீங்க.”

“அது நீங்கன்னு எனக்குத் தெரியாது, ராத்தா. இன்னிக்கு நீங்க காட்டினதும்தான் தெரியுது. அதனாலதான் இந்தக் கடுதாசிக்குப் பதில் போடாம நேரா வந்தேன். நீங்க கேட்டதுக்கு…”

“நான் உங்ககிட்டக் கேக்கல,” என்றார். “அந்தம்மாகிட்டக் கேட்டேன்.”

 ஒரு வாடிக்கைக்காரி உள்ளே வந்து பச்சையில் பூப்போட்டது இருக்கிறதா என்று கேட்டாள். ராத்தா எடுத்துக் காட்டப் போனார். நான் மேலே வந்தேன்.

வார்டு ஆள்

நஸீமா வருவது நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்காரர்களை மேத்தூவின் கடைக்கு வரச் சொல்லிவிட்டேன். கடையைத் தாண்டி வெளியே போகும்போது ராத்தா தலை நிமிரமாட்டார். காலி செய் என்றும் சொல்லவில்லை. நானாகவே அறை தேட ஆரம்பித்தேன். தன் ரகசியம் தெரிந்த ஒருத்தர் தலைக்கு மேலே நடந்துகொண்டிருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிந்தது. இரண்டு இடத்தில் என்னைப் பார்த்த உடனேயே அறை இல்லை என்றார்கள்.

ஆசிரியரிடம் ஒரு நிபந்தனை வைத்தேன். டோ சேய்ன் என்ற பெயர் இருக்கட்டும். மாமரமும் மூன்று பிள்ளைகளும் வேண்டாம், இது புனைபெயர் என்று ஒரு வரி போடுங்கள். கடிதம் வருவது நின்றுவிடும் என்றார் அவர். அதுவும் உண்மைதான். நான் விலகிக்கொண்டேன்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். காய்கறிப் பையோடு திரும்பி வந்தேன். கடை வாசலில் வார்டு ஆள் குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். படிக்கட்டுக்குப் போகிற நடையில் நான் நின்றுவிட்டேன். அவர்கள் பர்மிய மொழியில் பேசினார்கள்.

“மேல இருக்கிறது ஆம்பளையா, பொம்பளையா?”

“உங்க ஆபீசுல இருக்கிற வீட்டு லிஸ்ட்ல இருக்கே, பாருங்க.”

“லிஸ்ட்ல ஒண்ணு இருக்கு, ஆளு வேற மாதிரி இருக்குன்னு சொல்றாங்க.”

“யாரு?”

“அக்கம்பக்கத்துல.”

“அவங்களுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிறது நான்தான். நான் சொல்லலியே.”

“ஞாயித்துக்கிழமை கூட்டம் கூடுதாமே?”

“கூட்டமெல்லாம் இல்ல. எழுதத் தெரியாதவங்களுக்கு எழுதிக் கொடுக்கறாங்க. உங்க தங்கச்சிக்கு ஆஸ்பத்திரி மனு யாரு எழுதிக் கொடுத்தாங்கன்னு வீட்டுல போய்க் கேளுங்க.”

 பிறகு குடை தரையில் தட்டுகிற ஓசை தெருப்பக்கம் போயிற்று.

ராத்தா திரும்பி என்னைப் பார்த்தார்.

“எவ்வளவு நேரமா நிக்கறீங்க?”

“இப்பதான் வந்தேன்.”

“பொய் சொல்லாதீங்க. சொன்னவரைக்கும் போதும்.”

“முதல்லேருந்து நிக்கறேன்.”

“இது உங்களுக்காகச் செஞ்சேன்னு நெனைச்சுக்காதீங்க. என் வீட்டுல யாரு இருக்கணும்னு அந்தாளு வந்து சொல்றதா?” துணியை உதறி மடித்தார். “நஸீமாவுக்குக் கட்டுரைப் பரீட்சை வருது. நாளைக்கு அனுப்பறேன். உங்க ஆளுங்களும் வரட்டும். செருப்பை மட்டும் படியில விடாம உள்ள கொண்டுபோய் வெக்கச் சொல்லுங்க. அதைப் பாத்துத்தான் எத்தனை பேருன்னு எண்ணுறாங்க.”

சரி என்றேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் மேலே போனேன்.  அறைக்குள் போய், கதவைச் சாத்திவிட்டு, கொஞ்ச நேரம் அழுதேன்.

இப்போது எழுதுகிற அம்மா

டோ சேய்ன் நிற்கவில்லை. ஆசிரியர் அந்தப் பக்கத்தை வேறொருவருக்குக் கொடுத்தார். அவர் சுருட்டுப் பிடிக்கிற, தடித்த மனிதர். ‘ச்சமா’ என்பதை என்னைவிட இயல்பாக எழுதினார். மாமரத்தில் அந்த வருடம் நல்ல காய்ப்பு என்று ஒருமுறை எழுதியிருந்தார்.

மழை முடிந்து குளிர் தொடங்குகிற சமயம். காலையில் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் ராத்தா. நான் குடிவந்த நாளிலிருந்து அவர் மேலே வந்ததே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். உள்ளே வந்து, சுவரோரம் அடுக்கியிருந்த என் புத்தகங்களைப் பார்த்தார். நான் போட்ட டீயை வாங்கிக் கீழே வைத்தார்.

“அந்தம்மா இப்ப சரியில்ல,” என்றார்.

“யாரு?”

“டோ சேய்ன். ஒண்ணு கேட்டு எழுதியிருந்தேன். ‘பொறுமையாக இருங்கள்’னு போட்டிருக்காங்க. இதைச் சொல்ல ஒரு ஆளு வேணுமா?”

“அது வேற ஆளுன்னு உங்களுக்குத் தெரியுமே, ராத்தா.”

“தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன். யாருகிட்டயாவது கேக்கணும்ல.”

பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார். பினாங்கைப் பற்றியது. அதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன். இந்த அத்தியாயத்தை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். பெயரையும் கடையையும் மாற்றச் சொன்னார், மாற்றியிருக்கிறேன். கேள்வி அவருடையது, அது அவரிடமே இருக்கட்டும்.

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டோ சேய்னாக இருந்தால் ஒரு நல்ல வரி தானாக வந்திருக்கும். எனக்கு எதுவும் வரவில்லை.

“எனக்குத் தெரியல, ராத்தா. யோசிக்கணும். நாலு நாள் குடுங்க.”

“நாலு நாளா?”

“ஆமா.”

அவர் டீயைக் குடித்து முடித்தார். “சரி, வியாழக்கிழமை வர்றேன்,” என்று சொல்லிவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்து மெதுவாக இறங்கிப் போனார்.

அந்த நான்கு நாளும் வேறு வேலை ஓடவில்லை. ஒருத்தருக்காக அவ்வளவு யோசித்து நான் எழுதியதில்லை. தமிழில்தான் எழுதினேன். ‘நான்’ என்ற சொல்லை எங்கெல்லாம் வேண்டுமோ அங்கெல்லாம் போட்டேன். ஒன்றரைப் பக்கம் வந்தது.

வியாழக்கிழமை காலை வந்தார். பாயில் உட்கார்ந்தார். நான் தாளைப் பிரித்தேன்.

“எழுதினதை வைங்க,” என்றார் ராத்தா. “படிச்சதெல்லாம் போதும். நீங்க சொல்லுங்க.”

தாளை மடித்துப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்சம் தடுமாறித்தான் ஆரம்பித்தேன். சொன்னேன்.